மொனாரோவுக்குப் பெரிய புல்லி

நன்றாக ஓடிக்கொண்டிருந்த புல்லியைப் பாஸ்கர் மறுபடியும் கழற்றினான்.

ஜெயரட்ணத்துக்குத் தலையில் கைவைத்துக்கொள்ளலாம் போலிருந்தது. கையெல்லாம் கிரீஸ் என்பதால் வைக்கவில்லை.

எழுபத்தாறாம் ஆண்டின் ஒரு சனிக்கிழமைக் காலை அது. சிட்னியின் பென்டில் ஹில்லில் அப்போது தமிழ்க்கடை ஒன்றுகூடக் கிடையாது. வாய்விட்டுத் தமிழ் பேச வேண்டுமென்றால் பாஸ்கரின் வீட்டுக் கராஜுக்குத்தான் வர வேண்டும். பக்கத்து வீட்டில் புல்வெட்டும் இயந்திரம் இரையும். எதிர்வீட்டு ரேடியோவில் குதிரைப் பந்தயம் ஓடும். யாழ்ப்பாணத்தில் லொறி எஞ்சின்களோடு மல்லுக்கட்டியே வளர்ந்த ஜெயரட்ணத்துக்கு, வாரம் முழுக்கப் பட்ட தனிமைக்கு அந்தப் பெற்றோல் வாசனைதான் மருந்து. எவ்வளவு நல்ல சனிக்கிழமைகள் அவை!

வண்டி, செம்மஞ்சள் நிற மொனாரோ கார். எட்டு சிலிண்டர். அது போதாதென்று, எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் திணிக்கும் சூப்பர்சார்ஜர் ஒன்றை அதன் தலையில் ஏற்றியிருந்தார்கள். வளைவுகளில் சாய்ந்து பயமுறுத்திய வண்டிக்குத் தடித்த ஸ்பிரிங்கும் புது ஷாக் அப்சார்பரும் போட்டு, சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளையாக்கியிருந்தார்கள். பந்தயத் திடலில் இதை ஒரேயொரு சுற்று ஓட்டிவிட்டால் பிறந்த பயனை அடைந்துவிடலாம் என்று ஜெயரட்ணம் நம்பிக்கொண்டிருந்தார்.

அதற்குத்தான் இந்தப் புல்லி குறுக்கே நின்றது.

சூப்பர்சார்ஜரைச் சுழற்றும் சக்கரம் அது. சிறிய புல்லி போட்டால் சூப்பர்சார்ஜர் வேகமாகச் சுற்றும், காற்று கூடும், வண்டி பறக்கும். சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். பாஸ்கரோ வேலை செய்யும் இடத்து லேத்தில், ஒவ்வொரு வாரமும் முன்னதைவிடப் பெரிய புல்லியாகப் பார்த்துக் கடைந்துகொண்டு வந்தான்.

"உமக்கென்ன விசரே? ஆக்கள் வேகம் கூடத்தான் புல்லியை மாத்துறவை. நீர் குறைக்கிறீர்!"

"வேகம் கிடக்கட்டும் அண்ணா. இன்னும் ஒண்ணு சேரல."

எது சேரவில்லை என்று கேட்டாலும் சொல்கிற ஆள் இல்லை.

ஜெயரட்ணத்தின் கோபம் புல்லியின்மேல் மட்டுமல்ல. வருகிற வெள்ளிக்கிழமை பாஸ்கரின் மனைவி வேதவல்லி மெட்ராஸுக்குப் போகிறாள். ஒருவழி டிக்கெட். கல்யாணமாகி சிட்னிக்கு வந்த நாளிலிருந்து அவள் 'ம்', 'சரி' என்ற இரண்டு சொல்லை வைத்தே குடும்பம் நடத்தினாள். சண்டை இல்லை, அழுகை இல்லை. போனால் திரும்பமாட்டாள் என்பது பாஸ்கருக்கும் தெரியும். அவள் கையால் காப்பி வாங்கிக் குடிக்கிற ஜெயரட்ணத்துக்கும் தெரியும்.

மனைவி ஊருக்குப் பெட்டி கட்டுகிறாள், இவன் இங்கே காரைச் சீராட்டுகிறான். போய் இரண்டு வார்த்தை ஆறுதலாகப் பேசக்கூடாதா? கேட்டுவிட நாக்கு நுனிவரை வந்தது. அடுத்தவர் குடும்பம் என்று விழுங்கிக்கொண்டார். இந்தப் பைத்தியத்துக்குத் தானும் சேர்ந்து ஸ்பேனர் பிடித்தோமே என்று வெட்கமாக இருந்தது.

புதுப் புல்லி ஏறியது. பெல்ட்டை மாட்டினார்கள். பாஸ்கர் சாவியைத் திருப்பினான்.

எஞ்சின் ஒரு முறை உறுமி, பிறகு சீராக ஓடத் தொடங்கியது. பாஸ்கர் எஞ்சின்மேல் குனிந்து கண்ணை மூடிக்கொண்டான்.

வேகம் போயே போய்விட்டது, இனிப் பந்தயத்தை மறந்துவிட வேண்டியதுதான் என்று ஜெயரட்ணத்துக்குச் சத்தத்திலேயே தெரிந்தது. ஆனால் கேட்க நன்றாக இருந்தது. கீழே புகைக்குழாயின் தடித்த குரல், மேலே சூப்பர்சார்ஜரின் மெல்லிய குரல். இவ்வளவு நாளும் ஒன்றையொன்று கடித்துக்கொண்டிருந்த இரண்டும் இன்று ராசியாகிவிட்டிருந்தன.

குசினியில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.

வேதவல்லி ஈரக் கையோடு பின்வாசலில் வந்து நின்றாள். காரைப் பார்க்கவில்லை. கணவனையும் பார்க்கவில்லை. கேட்டுக்கொண்டே நின்றாள்.

பிறகு வாயைத் திறந்து, அந்தத் தடித்த குரலில் ஒரு 'ஸ' பிடித்தாள். அங்கிருந்து ஒவ்வொரு படியாக ஏறி, மெல்லிய குரல் இருந்த இடத்தில் 'ப' என்று போய் நின்றாள்.

ஜெயரட்ணத்துக்கு உடம்பு சிலிர்த்தது.

அவளை அழைத்துவர விமான நிலையத்துக்குப் போனபோது அவரும் கூட இருந்தார். பாட்டுக்கு 'ஸ', 'ப' சுருதி கூட்ட அவள் சேலை சுற்றி அனுப்பியிருந்த தம்புரா, குடம் பிளந்து வந்திருந்தது. அதை மடியில் போட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். ஊரிலிருந்து சுருதிப்பெட்டியாவது வரவழைக்கிறேன் என்று பாஸ்கர் சொன்னதற்கு, எதற்கு, நானே போய்விடுகிறேனே என்றாளாம். அன்று அடங்கிய குரல்தான் இது.

அந்த மெல்லிய குரலை 'ப'வுக்கு இறக்கத்தான் அத்தனை புல்லியும் என்று அவருக்கு இப்போது விளங்கியது. பாவி, ஒரு வார்த்தை சொன்னானா!

பாட்டு சட்டென்று நின்றது. வேதவல்லி முகத்தைச் சுளித்தாள்.

"ஏன்னா, சுருதி ஒரு இழை தூக்கலா இருக்கு. கொஞ்சம் இறக்குங்கோ."

பாஸ்கர் ஸ்க்ரூடிரைவரை எடுத்தான். எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கார்பரேட்டர் திருகில் அது நிற்காமல் வழுக்கியது. கண் சரியாகத் தெரியவில்லை போலிருந்தது.

ஜெயரட்ணம் அதை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். பின்வாசலைப் பார்த்தபடியே, அவள் தலையசைக்கும்வரை, எஞ்சினின் வேகத்தை மெல்ல மெல்லக் குறைத்தார்.