காட்சிக்கு வைத்த மடிக்கணினி

காட்சிக்கு வைத்திருந்த மடிக்கணினியின் விலாவில் காதை வைத்துக் கேட்டார் லாரி மெக்கானிக்.

"ஃபேன் சத்தம் கொஞ்சம் இழுக்குதே, தம்பி."

அது அணைக்கப்பட்டிருந்தது என்பதை விற்பனையாளர் சொல்லவில்லை. வாடிக்கையாளரை மறுத்துப் பேசக் கூடாது என்பது கடையின் விதி. ஊழியர் கழிப்பறைக் கதவின் உட்புறத்தில் அது ஒட்டப்பட்டிருந்தது.

மெக்கானிக்கின் மகள் கடைசி மேசையில் ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டாள். நடுவே விளக்கொளியில் மினுங்கிய விலையுயர்ந்தவற்றை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வெற்றுச் சுவருக்கு முதுகு காட்டி உட்காரும்படி இருந்த ஒன்றையே தேர்ந்தெடுத்தாள்.

உள்ளே நுழைந்ததுமே மெக்கானிக் விஷயத்தைச் சொல்லிவிட்டிருந்தார். இறுதித் தேர்வை இந்த ஆண்டு முதல் கணினியில் எழுத வேண்டும் என்கிறது பள்ளிக்கூடம். அதற்கென்று ஒரு மென்பொருள். வீட்டிலிருக்கும் பழைய கணினியில் அது திறக்கவே மறுக்கிறது. தேர்வு எழுதாவிட்டால் மகளுக்கு ஓர் ஆண்டு வீண். ஆகவே, ஓட்டிப் பார்க்காமல் எதையும் வாங்குவதாக இல்லை.

நியாயமான கோரிக்கை. விற்பனையாளர் கடை வைஃபையின் கடவுச்சொல்லையும் கொடுத்தார்.

மகள் தன் அடையாள அட்டையைக் கேமராவுக்குக் காட்டினாள். முகத்தை இடப்புறமும் வலப்புறமும் திருப்பினாள். பிறகு நிமிரவே இல்லை.

"எவ்வளவு நேரம் ஆகும், சார்?"

"ரெண்டு மணி நேரம். பள்ளிக்கூடத்துச் சமாச்சாரம், மெதுவாத்தான் பொருந்தும். நீங்க அவ பின்னாடி போய் நிக்காதீங்க, கூச்சப்படுவா."

அந்த இரண்டு மணி நேரத்தில் மெக்கானிக் பதினேழு மடிக்கணினிகளை ஆராய்ந்தார். கீல்களைத் திறந்து மூடினார்; இரண்டுக்கு எண்ணெய் போடச் சொன்னார். ஒன்றைத் தலைகீழாகப் புரட்டி, ஸ்டெப்னியைத் தேடும் முகத்தோடு அடியில் பார்த்தார். தலைவலி என்று சொல்லிக் கடையில் ஓடிய பாட்டை நிறுத்த வைத்தார்.

பதில் சொல்லிச் சொல்லி விற்பனையாளருக்குத் தொண்டை வறண்டது. அந்த வாரத்தில் அவர் விற்றிருந்தது ஒரே ஒரு மவுஸ்.

கடைசியில் மகள் எழுந்து, விரல்களில் சொடக்கெடுத்தபடி வந்தாள்.

"என்னம்மா, நல்லாப் பொருந்துதா?"

"நல்லாப் பொருந்துதுண்ணா. எட்டாவது கேள்விதான் சரியா வரலை."

மெக்கானிக் இருமினார். தேவைக்குச் சற்று அதிகமாகவே இருமினார்.

"எதுக்கும் நாளைக்கு இன்னொரு தடவை ஓட்டிப் பாத்துடறோம், தம்பி."

விற்பனையாளர் மேலாளரின் கண்ணாடி அறையைத் திரும்பிப் பார்த்தார். மேலாளர் கைபேசியில் ஆழ்ந்திருந்தார்.

விற்பனையாளர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நாளைக்கு என்ன பாடம்?"