சேமித்த கடவுச்சொற்கள்

பிரிவது என்று முடிவானபின், பெட்டியை வாசலில் வைத்துவிட்டு சுபத்ரா கடைசியாகக் கணவனின் மடிக்கணினி முன் உட்கார்ந்தாள். அதில் சேமித்திருந்த தன் பாஸ்வேர்டுகளை எடுத்துவிட வேண்டும். வங்கிக் கணக்கினுடையதை அழித்தாள். மின்னஞ்சலினுடையதை அழித்தாள். பின்னால் வந்து நின்ற முரளிதரன் பதறிப்போய், "சுபா, வேணாம். அழிக்காத" என்றான். அவன் அவளைச் சுபா என்று கூப்பிட்டு மாதக்கணக்காகிறது. அவள் விரல் நின்றது. பெட்டியைத் திரும்ப உள்ளே தூக்கி வருவதாகக்கூட ஒரு கணம் நினைத்துவிட்டாள். "கரண்ட் பில்லு, கேஸ், அம்மாவோட பென்ஷன், எதோட பாஸ்வேர்டும் எனக்குத் தெரியாதே. எல்லாம் நீதான பார்த்த?" என்றான் அவன். சுபத்ரா சிரித்துவிட்டாள். "எட்டு வருஷக் குடித்தனம். ஒரு சிலிண்டர் பதியத் தெரியல உங்களுக்கு. பயப்படாதீங்க, அதெல்லாம் அப்படியே இருக்கு." வரிசையின் அடியில் ஒன்று மிச்சமிருந்தது. அவர்கள் ஒருவரையொருவர் முதலில் பார்த்த திருமணத் தகவல் தளம், அவன் பெயரில் இருந்த கணக்கு. நிச்சயதார்த்தம் முடிந்ததுமே மூடியிருக்கலாம். ஞாபகத்துக்கு இருக்கட்டும் என்று அவள்தான் விட்டுவைத்திருந்தாள். "இதையாவது அழிச்சிடவாங்க?" என்று, நீக்கும் பொத்தானை அழுத்தியபடியே மெல்லக் கேட்டாள். முரளிதரன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "அது இருக்கட்டும். அதோட பாஸ்வேர்ட அம்மா நேத்தே கேட்டாங்க." உண்மையிலேயே அழிக்க வேண்டுமா என்று திரை அவளிடம் கேட்டபடி இருந்தது.