தலையாட்டாத ஓணான்

யார் எது கேட்டாலும் அந்த ஓணானுக்குத் தலையாட்டித்தான் பழக்கம். அப்படித்தான், தான் வெயில் காயும் கல்லை அரணைக்குக் கொடுத்துவிட்டு நிழலில் நடுங்கியது. இனி 'மாட்டேன்' என்று சொல்லப் பழக வேண்டும் என ஒரு காலையில் தீர்மானித்தது.

முதல் வேலையாக அணிலிடம் போனது. "இனிமே யாருக்கும் தலையாட்டுறதில்லைன்னு முடிவு பண்ணிட்டேன்க்கா."

"ரொம்ப நல்ல முடிவு தம்பி. உறுதியா நில்லு," என்றது அணில். "நான் கொய்யா மரம் வரைக்கும் போயிட்டு வரேன். அதுவரைக்கும் குட்டிகளைப் பாத்துக்கிறியா?"

பொழுது சாய்ந்தும் அணில் வரவில்லை. குட்டிகள் ஓணானின் வாலைப் பிடித்து ஊஞ்சலாடின. 'மாட்டேன், மாட்டேன்' என்று ஓணான் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டது.

"மாமா, நாளைக்கும் வருவீங்களா?" என்றது கடைக்குட்டி.

'மாட்டேன்' என்று சொல்ல ஓணான் வாயைத் திறந்தது. அதற்குள் தலை ஆடிவிட்டது.