நாற்பத்தேழாவது கூரை

காஷிஃப் தன் வீட்டை ஒரே நிமிடத்தில் இடித்துத் தள்ளினான். புழுதி கிளம்பவில்லை, சத்தமும் இல்லை. மவுஸை நாலு தட்டு தட்டியதும், நீலத் தார்ப்பாய் போட்ட கூரை இருந்த இடத்தில் அடையாற்றங்கரை மண் வந்து உட்கார்ந்துகொண்டது.

பல்கலைக்கழகக் கணினி மையத்தில், ஆராய்ச்சி செய்பவர்கள் கொண்டுவரும் படங்களைத் துலக்கி, எண்ணி, அளந்து தருவது அவன் வேலை. இன்று வந்தது ட்ரோன் படம். கொடுத்தவள் பிஎச்.டி. மாணவி ஷ்ரேயா.

"ஆத்தோரம் இருக்கற கூரைக்கெல்லாம் நம்பர் போடணும். ஒண்ணுகூட விட்டுடாதீங்க. கவர்மென்ட்ல மழைக்கு முன்னாடி வேணும்ங்கறாங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

வேறென்ன விளக்கம் வேண்டும்? போன வருஷம் எதிர்க்கரையில் சுவருக்குச் சுவர் நம்பர் எழுதினார்கள். மறுமாதம் புல்டோசர் வந்து நின்றது.

பக்கத்துக் கூரை மெஹபூப் மாமுவுடையது. இடுப்பளவு வெள்ளத்தில், காஷிஃபின் நடக்க முடியாத அம்மாவை, அவன் 'அம்மி'யை, தோளில் தூக்கிப்போய்க் கரைசேர்த்தவர். அதையும் அழித்தால் படத்தில் பெரிய ஓட்டை விழும்; மாட்டிக்கொள்வான். கண்ணை மூடித் திறந்து, அதன்மேல் '46' என்று போட்டான்.

போன் அடித்தது. மாமுதான்.

"இன்னா காஷிஃபு, துன்னியா? அம்மிக்குக் கஞ்சி குட்த்துட்டேன். நீ கவலப்படாம வேலையப் பாத்துகினு இரு."

"சரி மாமு" என்று அவசரமாகப் போனை வைத்தான். திரையில் '46' தெரியாதபடி படத்தை நகர்த்தினான்.

மதியம் ஷ்ரேயா வந்தாள். "மொத்தம் எத்தனை?"

"நாப்பத்தாறு மேடம்." தரையைப் பார்த்துச் சொன்னான்.

"சூப்பர்!" அங்கேயே நின்று, படத்தையும் கணக்கையும் போனிலேயே அரசாங்கத்துக்கு அனுப்பியும்விட்டாள்.

கிளம்பியவளைக் காஷிஃபால் விட முடியவில்லை. "மேடம்... அந்த நாப்பத்தாறுல ஒரு பெரியவர் இருக்கார். ரொம்ப நல்லவர். எப்ப இடிக்க வருவாங்கன்னு தெரிஞ்சா, முன்கூட்டியே..."

ஷ்ரேயா திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

"இடிக்கறதா? வெள்ளம் வந்தா, நம்பர் போட்ட வீட்டுக்கெல்லாம் போட் வரும்ங்க!"