தறிச் சத்தம்

"தறிச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. டிவிய கொஞ்சம் கூட்டும்மா," என்றார் ஆரணிப் பட்டு வியாபாரி ரங்கசாமி.

பின்கட்டில் கணவன் ஜெயவேல் நெய்துகொண்டிருந்தான். தேவகி காபியை நீட்டிவிட்டு டிவியின் குமிழைத் திருகினாள்.

நாடகத்தில் ஆளைக் கடத்த வந்தவன் துப்பாக்கியை ஆட்டிக் கத்தினான்.

ரங்கசாமிக்குச் சிரிப்பு வந்தது. "நெஜத்துல எவனும் இப்டி கூவிகினு வரமாட்டான்."

"அப்புறம் எப்டி வருவாங்க முதலாளி?"

"மரியாதையா வருவான். காபி குடிச்சிகினு, வூட்டு ஆளுங்ககிட்ட பேசிகினு இருப்பான். வேலைய வேற ஆளுங்க பாத்துக்குவாங்க."

தேவகியும் சிரித்துவிட்டாள்.

நாடகம் முடிந்ததும் டிவியை அணைத்தாள். பின்கட்டில் தறிச் சத்தம் இல்லை.

ரங்கசாமி டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார்.

"நாளைக்கு கோர்ட்டுல எனக்கு எதிரா சாட்சி சொல்றதா இருந்தாரு உன் வூட்டுக்காரரு. உன்கிட்ட சொல்லலியாம்மா?"