மூன்றாவது சங்கு

மாலை வெயில் அந்தச் சமோவா கிராமத்து வீடுகளின் தூண்களுக்கிடையே மஞ்சளாய்ப் படுத்திருக்கிறது. சாலையோரத்தில் பெனியாமினா சங்கோடு நிற்கிறான். ஜெப நேரத்துக்குச் சங்கு ஊதும் பொறுப்பு இன்றுதான் அவனுக்கு வந்திருக்கிறது. முதல் சங்குக்கு எல்லோரும் வீடு திரும்ப வேண்டும். இரண்டாவதற்கு ஜெபத்தில் அமர வேண்டும். மூன்றாவது ஊதும்வரை யாரும் எழக்கூடாது. ஆக்லாந்தில் வேலை போய்த் திரும்பிய இந்த ஆறு மாதமும் அவன் ஆண்டவரிடம் கேட்பது ஒன்றுதான்: நான் எதற்கு உதவுவேன்? இரண்டாவது சங்கை ஊதிவிட்டு, இப்போதும் கண்மூடி அதையே கேட்டுக்கொண்டிருக்கிறான். வீடுகளில் ஜெபப் பாட்டு எப்போதோ அடங்கிவிட்டது. தேங்காய்ப்பாலில் வெந்த சேப்பங்கிழங்கு ஆறுகிறது. ஒரு கைக்குழந்தை சிணுங்குகிறது. சுவரில்லாத எதிர்வீட்டிலிருந்து அவன் அக்கா சலோமே பாயைவிட்டு எழாமலே குரல் கொடுக்கிறாள்: "டேய் தம்பி! ஆண்டவர் திரும்பி வர்ற வரைக்கும் எங்களை உக்கார வைக்கப் போறியா? மூணாவதை ஊதுடா!" அவன் திடுக்கிட்டுக் கண் திறக்கிறான். வீட்டுக்கு வீடு முகங்கள் அவனையே பார்க்கின்றன. "மன்னிச்சிடுக்கா, ஜெபத்துல மறந்தே போச்சு." "தெரியுதே! அங்க சங்கோட நிக்கிறவன் எல்லாம் வாட்சைத்தான் பார்ப்பான், நீ ஒருத்தன்தான் ஜெபம் பண்ணியிருக்க. நாளைக்கும் நீயே ஊது. இப்ப முதல்ல ஊது, கால் மரத்துப்போச்சு." சிரிப்பு வீடு வீடாய்ப் பரவுகிறது. அவனுக்கும் சிரிப்பு வருகிறது. சிரித்துக்கொண்டே ஊதப் பார்க்கிறான், சங்கில் வெறும் காற்றுதான் போகிறது. ஒருவரும் எழவில்லை. ஊரே அவனுடைய ஒரு மூச்சுக்காகக் காத்திருக்கிறது. பெனியாமினா உதட்டைத் துடைத்துக்கொண்டு, நெஞ்சு நிறைய மூச்சிழுத்து ஊதுகிறான்.