அடிக்கடி வருவாரு

டீத் தட்டோடு வந்த பெண்ணைப் பார்த்ததும், ஆஷிக்கின் கையிலிருந்த சமூசா வாய்க்குப் போகாமல் பாதியிலேயே நின்றுபோனது.

அவளேதான்.

தலையில் முக்காடு, குனிந்த பார்வை, பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் வைத்துக்கொள்ளும் அடக்கம். இதெல்லாம் புதிது. ஆனால் அந்தக் கண்களை அவனுக்கு நன்றாகத் தெரியும். அவன் தோற்றதை மூன்று தடவையும் பக்கத்தில் நின்று பார்த்த கண்கள்.

கும்மிடிப்பூண்டி பேருந்து நிலையத்துக்கு எதிரே, மாடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர். நெட்வொர்க்கிங் சர்டிபிகேட்டுக்கான பரீட்சையை அங்கேதான் எழுத வேண்டும். கடைசிக் கேள்வியை முடித்து மவுசை அழுத்தினால், பாஸா பெயிலா என்று அந்த நொடியே திரையில் வந்து விழும். அதை அச்செடுத்து, முத்திரை குத்தி, கையில் கொடுப்பது கல்லூரியிலிருந்து ஆறு மாதப் பயிற்சிக்கு வந்திருந்த ஐ.டி. மாணவி ஒருத்தியின் வேலை.

அவள் பெயரை அவன் கேட்டதில்லை. சிஃபா என்று இன்றுதான் தெரிந்தது.

முதல் தடவை அசடு வழிந்தான்.

இரண்டாம் தடவை, "உங்க பிரிண்டர் மையை நான் ஒருத்தனே காலி பண்ணிடுவேன் போல," என்றான்.

மூன்றாம் தடவை, "மைக்குப் பதிலா கவரைப்பேட்டைல எங்க பாத்திரக்கடைக்கு வந்து ஒரு குண்டான் எடுத்துக்குங்க," என்றான்.

அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "அடுத்த தடவ கலர்ல எடுத்துத் தரேன்," என்றாள்.

படியிறங்கும்போது அவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வீடு வந்து சேர்ந்த பிறகும் அது முகத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த அம்மா பீவி ஜான், "பாஸாடா?" என்று கேட்டுவிட்டாள்.

சிரித்த வாயோடு இல்லையென்று சொல்ல வரவில்லை. தலையாட்டிவிட்டான்.

அந்தத் தலையாட்டல்தான் இன்று ஹனீப் பாய் வீட்டுக் கூடம் வரை வந்திருந்தது.

"சிப்காட்ல பைப் கம்பெனியில ட்ரெயினிங்ல இருக்கான். அங்க இருக்கிற கம்ப்யூட்டர் பூரா இவன் கையிலதான். சர்டிபிகேட் வாங்கினா பர்மனென்ட்டுன்னு சொல்லியிருந்தாங்க. வாங்கிட்டான்! இந்த ஊரு சர்டிபிகேட் இல்ல, உலகம் பூரா செல்லும்."

கணவர் போன பிறகு கடையைத் தனியாளாக நடத்துபவள் பீவி ஜான். கரண்டி வாங்க வந்தவரை அண்டாவோடு அனுப்பி வைப்பவள். இன்று அண்டா இருந்த இடத்தில் மகன் இருந்தான்.

சிஃபாவின் அத்தா ஹனீப் தாடியைத் தடவினார். "அப்படியா? நம்ம பொண்ணும் அந்த சென்டர்லதான் இத்தினி நாளா வேலை கத்துக்கினு இருந்துது. போன மாசம்தான் முடிஞ்சுது."

பீவி ஜான் சிஃபாவின் பக்கம் திரும்பினாள். "அப்போ எங்க புள்ளைய அங்க பாத்திருப்பியேம்மா?"

கூடமே அவளைப் பார்த்தது. ஆஷிக் மட்டும் ரவா லட்டுகளைப் பார்த்தான். அவற்றில் ஒன்றாக மாறிவிட்டால் யாராவது எடுத்து விழுங்கிவிடுவார்கள், பிரச்சினை தீர்ந்தது.

"பாத்திருக்கேன் மாமி," என்றாள் சிஃபா. "அடிக்கடி வருவாரு."

"படிப்பு மேல அவ்ளோ ஆசை அவனுக்கு!" என்றாள் பீவி ஜான்.

சிஃபா அவன் முன்னால் டீயை வைத்துவிட்டு நகர்ந்தாள். சென்டரில் பார்த்த அதே முகம். அவள் காட்டிக்கொடுக்க மாட்டாள். இந்தப் பொய்யோடு நிக்காஹ் வரைக்கும்கூடப் போய்விடலாம்.

அதுதான் அவனால் தாங்க முடியவில்லை.

"நான் பாஸாவல மாமா," என்றான் ஹனீபைப் பார்த்து. "மூணு தடவையும் பெயில். அம்மாவுக்குத் தெரியாது. அவங்க மேல தப்பில்ல, நான்தான் பொய் சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். அம்மாவின் கை எந்த நேரமும் முதுகில் விழலாம்.

விழவில்லை.

கண்ணைத் திறந்தபோது ஹனீப் சாவகாசமாக டீயை ஊதிக்கொண்டிருந்தார். "ஆறிடப் போவுது, குடி தம்பி," என்றார்.

உள் அறைக்குப் போய்க்கொண்டிருந்த சிஃபாவின் தோள்கள் குலுங்கின. அழுகிறாளா, சிரிக்கிறாளா, பின்னாலிருந்து பார்த்தவனுக்குத் தெரியவில்லை.

ஸ்டேஷனுக்குத் திரும்பும் ஆட்டோவில் அம்மா சாலையோரக் கடைகளைப் பார்த்துக்கொண்டே வந்தாள். அவனால்தான் இருக்க முடியவில்லை.

"எல்லாம் போச்சு இல்லம்மா?"

"இன்னாத்துக்குப் போவணும்? வர்ற வெள்ளிக்கெழம பேசி முடிச்சிக்கலாம்னு சொல்லிட்டாங்க."

"நான் பெயிலானது..."

"உன் வாயாலயே வரட்டும்னுதானே அவ்ளோ அளந்தேன்."

ஆட்டோ ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. ஆஷிக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "உனக்கு எப்படித் தெரியும்?"

பீவி ஜான் நழுவிய முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"போன வாரம் அந்தப் பொண்ணோட பெரியம்மா நம்ம கடைக்கு வந்தாங்க. ஒரு பாத்திரத்தைக்கூடத் திரும்பிப் பாக்கல. நேரா எங்கிட்ட வந்து, 'மூணு தடவ பெயிலான பையனோட கடை இதானேம்மா? எங்க சிஃபா விசாரிச்சிக்கினு வரச் சொல்லிச்சு'ன்னாங்க."